பவளமும் மீனும் ஒரே தொட்டியில்: வாங்கும் முன் ஒரு கணக்கு

பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஐந்து ஆண்டுகளாக நன்னீர் மீன் தொட்டி வைத்துப் பழகியவர். இப்போது வரவேற்பறையில் 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கிறார். மீன் பட்டியல்: ஒரு ஜோடி கோமாளி மீன், நீல டாங், மாண்டரின், காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, ஃபிளேம் ஏஞ்சல். பவளப் பட்டியல்: அக்ரோபோரா, டார்ச், ஹாமர், லெதர், சோயாந்திட், கூடவே கோமாளி மீனுக்காக ஒரு கடல் சாமந்தி (அனிமோன்). கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வாங்கியாகிவிட்டது. குழாய் நீரில் குளோரின் நீக்கி ஊற்றி உப்பைக் கலப்பது, மூன்று டாம்சல் மீன்களை விட்டுத் தண்ணீரைப் பக்குவப்படுத்துவது, நீர் குறையும்போது உப்பு குறையாமலிருக்க உப்பு நீரையே ஊற்றுவது, நோய் வந்தால் தொட்டியிலேயே மருந்து போடுவது என்று திட்டம். மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். தொட்டியைக் கலைத்துவிட்ட நண்பர் ஒருவர் 15 கிலோ பாறை கொடுத்திருக்கிறார். அது பால்கனியில் ஒரு வாளி நீரில் இருக்கிறது. அதில் “பழுப்பு நிறப் பொத்தான்கள் மாதிரி” ஏதோ ஒட்டியிருப்பதால் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யப் போகிறார். கடைசியாக, மனைவி கேட்கச் சொன்ன கேள்வி: பவளம் வாங்குவது சட்டப்படியும் நியாயப்படியும் சரியா?

அந்த வாளியில் கை வைக்காதீர்கள்

ஐயா, மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றே செய்யுங்கள்: அந்தப் பாறையைக் கொதிக்க வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

பழுப்புப் பொத்தான்கள் என்று நீங்கள் சொல்பவை பெரும்பாலும் பாலித்தோவா. உங்கள் பட்டியலில் உள்ள சோயாந்திட்டின் நெருங்கிய உறவு. இந்தக் குடும்பத்தில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் என்னும் நச்சு இருக்கிறது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நச்சுகளில் அதுவும் ஒன்று. பார்வையால் எது நச்சுள்ளது, எது இல்லாதது என்று பிரிக்க முடியாது. பழுப்பு வகைகள் மீது சந்தேகம் கூடுதலாகவே வைக்க வேண்டும். கொதிக்க வைத்தால் இந்த நச்சு அழிவதில்லை. ஆவியோடும் நுண்துளிகளோடும் காற்றில் ஏறி வீடு முழுக்கப் பரவும். இப்படிப் பாறையை வேகவைத்தும் பிரஷால் தேய்த்தும் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வாயில் உலோகச் சுவை, இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், தசைவலி, கண் எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். முறிமருந்து கிடையாது. அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சைதான்.

அதனால் கொதிநீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், வெயிலில் காயவைத்து உடைக்கவும் வேண்டாம். வாளியை மூடி, மகள் கைபடாத இடத்தில் வைத்து, பாறை ஈரமாக இருக்கும்போதே நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூக்கும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். கையில் கீறல் இருந்தால் வேறொருவர் செய்யட்டும். நச்சு ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பாறையைக் கைவிடுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. நண்பர் எப்போதாவது செம்பு மருந்து போட்டிருந்தால் பாறை அதை உறிஞ்சி வைத்திருக்கும். பல ஆண்டு மீன் கழிவின் பாஸ்பேட்டும் அதற்குள் இருக்கும். இலவசப் பாறை மாதக்கணக்கில் பாசியாக விலை கேட்கும்.

சோயாந்திட்டை வளர்க்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பலரும் ஆபத்தில்லாமல் வளர்க்கிறார்கள். வெட்டும்போதும் பாறையிலிருந்து பெயர்க்கும்போதும்தான் எச்சரிக்கை. ஆனால் எட்டு வயதுக் குழந்தை தொட்டிக்குள் கைவிட ஆசைப்படும் வீட்டில் முதல் ஆண்டு அது தேவையா என்று யோசியுங்கள்.

திருப்ப முடிந்தது, திருப்ப முடியாதது

நன்னீர்த் தொட்டியில் ஒரு தவறு செய்தால் அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம். பவளம் இருக்கும் தொட்டியில் சில முடிவுகளைத் திருப்ப முடியாது. தொட்டி நிற்கும் இடம், துளை போட்ட கண்ணாடியா இல்லையா, பாறை அமைப்பு, தனிமைப்படுத்தாமல் விட்ட முதல் மீன் ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. விளக்கின் பிரகாசம், நீரோட்டம், தீவனம், உப்பளவு எல்லாம் நாளைக்கும் மாற்றக் கூடியவை. உங்கள் கடிதத்தில் மாற்றக் கூடியவற்றைப் பற்றி நிறையக் கவலை தெரிகிறது. மாற்ற முடியாதவற்றுக்குத்தான் அவசரம் காட்டியிருக்கிறீர்கள். நான் வரிசையை மாற்றிப் பேசுகிறேன்.

தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர். பாறை, மணல் போக உள்ளே 250, 260 லிட்டர் நீர் நிற்கும். 12 மி.மீ. கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 70 கிலோ. கீழே 80 லிட்டர் சம்ப் (மேலிருந்து வழியும் நீரைப் பிடித்து, பம்பால் திருப்பி அனுப்பும் துணைத் தொட்டி), பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் 500 கிலோவைத் தாண்டும். இந்தச் சுமை முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது. தரைத்தளம் அல்ல என்றால் சுமை தாங்கும் சுவரை ஒட்டி, தரையடி உத்திரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். சந்தேகமிருந்தால் கட்டடப் பொறியாளரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. தாங்கியின் மேல்பலகை மட்டம் பார்த்த பிறகே தொட்டி ஏற வேண்டும். நேர் வெயில் படும் சன்னலருகே வேண்டாம்.

வாங்கிவிட்ட கேனிஸ்டரை என்ன செய்வது? அதைக் கொண்டு மட்டும் பவளத் தொட்டியை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குள் சேரும் கழிவை வாரம் தவறாமல் திறந்து கழுவ வேண்டும். இரண்டு வாரம் விட்டால் அது நைட்ரேட் ஆலையாகிவிடும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் ஹீட்டரையும் காட்சித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட வேண்டியிருக்கும். இன்னும் கண்ணாடி வாங்கவில்லை என்பதால் என் பரிந்துரை, துளையும் வழிந்தோடும் பெட்டியும் உள்ள தொட்டி, கீழே சம்ப். கேனிஸ்டரை விற்க மனமில்லையென்றால் பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு ஆக்டிவேட்டட் கார்பன் மட்டும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பவளப் பகுதியில் சொல்கிறேன்.

சம்ப் வைப்பவர்கள் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. மின்சாரம் போனதும் மேல் தொட்டியின் நீர் கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 6 லிட்டர். 3 செ.மீ. இறங்கினால் 18 லிட்டர். குழாய்களிலும் வழிந்தோடும் பெட்டியிலும் நிற்பது தனி. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது சம்பில் 30 லிட்டர் காலியிடம் இருக்க வேண்டும். மேலேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே இருந்தால் கொஞ்சம் இறங்கியதுமே காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நத்தை மாட்டினால் அது மூடாது. முதல் நாளே, வெறும் நன்னீரில், பம்பை நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். தரை அப்போது நனைந்தால் துடைத்துவிடலாம்.

மின்கம்பிகள் எல்லாம் பிளக்கை அடைவதற்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் உப்பு நீர்த் தொட்டியை ஓட்டாதீர்கள். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். மின்சாரம் போனால் வெப்பம் மெதுவாகத்தான் மாறும். பிராணவாயு அதற்கு முன்பே குறைந்துவிடும்.

தண்ணீர்: நன்னீர்ப் பழக்கம் இங்கே உதவாது

குளோரின் நீக்கி குளோரினை மட்டும்தான் நீக்கும். குழாய் நீரிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், செம்பு அப்படியே இருக்கும். மீன் பொறுத்துக்கொள்ளும் செம்பு அளவே பவளத்தையும் நத்தையையும் கொல்லப் போதும். ஆர்ஓ–டிஐ கருவியில் (சவ்வும் அயனி நீக்கும் டிஐ பிசினும் கொண்டது) வடிகட்டி, நீரில் கரைந்தவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். மீட்டர் 1, 2 என்று ஏறத் தொடங்கினால் டிஐ பிசினை மாற்ற நேரமாகிவிட்டது.

கடலின் உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 40 கிராம் உப்புக் கலவை பிடிக்கும். பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் சிறு குமிழி ஒட்டினாலும் அளவு பொய்யாகும். ஒளிவிலகலைக் கொண்டு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதை 35 பிபிடி அளவுக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் நீரில் 0 காட்டுகிறது என்பது 35-இல் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நீர் குறைந்தால் உப்பு நீரை ஊற்றுவேன் என்றீர்களே, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால், அந்த இடத்தில் உப்பு நீர் ஊற்றும்போது 140 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. மொத்தம் 320 லிட்டர் உள்ள அமைப்பில் ஒரே வாரத்தில் உப்பளவு 35-லிருந்து 38-ஐத் தொட்டுவிடும். அடுத்த வாரம் 41. மிதவை உணரியோடு கூடிய தானியங்கி நீர் நிரப்பி வைத்து, ஆர்ஓ–டிஐ நன்னீரை மட்டும் விடுங்கள். நீரை மாற்றும்போது மட்டும்தான் உப்பு நீர்: வாரத்துக்கு 30 லிட்டர், முன்கூட்டியே கலந்து, பம்ப் ஓடவிட்டு, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகு.

வெப்பம் 25, 26 டிகிரியில் நிலையாக இருக்கட்டும். 300 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் 150 வாட் இரண்டு, தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு. ஹீட்டர் கெட்டுப்போகும்போது பல சமயம் அணையாமல் எரிந்துகொண்டே நின்றுவிடும். இரண்டில் ஒன்று அப்படி நின்றால் தொட்டி வேகாது. அறை வெப்பம் 28-ஐத் தாண்டும் இடமானால் பிரச்சினை எதிர்ப்பக்கம். நீர்ப்பரப்பில் விசிறி அடித்தால் 2, 3 டிகிரி இறங்கும், ஆவியாதல் கூடும். அது போதாதென்றால் சில்லர்தான்.

டாம்சலை விட்டுப் பக்குவப்படுத்துவது

இது பழைய முறை: மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகும் வரை காத்திருப்பது. அமோனியாவில் மீனை வாட்டுவது ஒரு குறை. பெரிய குறை வேறு. டாம்சல் தொட்டியைத் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வரும் எல்லாவற்றையும் விரட்டும். பிடிக்க நினைத்தால் பாறை அடுக்கையே கலைக்க வேண்டியிருக்கும். மூன்று டாம்சல் என்பது திருப்ப முடியாத முடிவுகளில் ஒன்று.

பதிலாக, 20 முதல் 25 கிலோ உலர்பாறையை அடிக்கண்ணாடி மேல் நேராக நிறுத்தி எபாக்சியால் பிணைத்து, அதன் பிறகு அரகோனைட் மணல் போடுங்கள். மணல் மீது பாறையை வைத்தால், குழி தோண்டும் உயிரினம் ஒன்று வந்ததும் அடுக்கு சரியும். கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி விட்டால்தான் துடைக்கும் காந்தம் போகும். பிறகு உப்பு நீர், புட்டியில் வரும் பாக்டீரியா, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு அமோனியம் குளோரைடு. விளக்கு வேண்டாம், பாசிக்குத்தான் அது உதவும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். 2 பிபிஎம் அமோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகி, நைட்ரைட்டும் நிற்காமல் நைட்ரேட்டாக மாறினால் முதல் மீனுக்குத் தொட்டி தயார். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தயார் என்பது முதல் மீனுக்கு மட்டும். அடுத்த சில மாதங்கள் தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். முதலில் பழுப்புப் படலம், பிறகு பச்சை நூல்பாசி. பெரும்பாலானவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து இரசாயனம் ஊற்றுகிறார்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0 ஆக்கிவிட்டால் தொட்டி பளபளக்கும் என்பது நன்னீர்க்காரர்கள் பலர் கொண்டுவரும் நம்பிக்கை. இரண்டும் 0 ஆன புதுத் தொட்டியில் பவளம் வெளிறும். மற்ற பாசிகள் விட்ட இடத்தை டைனோ எனப்படும் வழவழப்பான, குமிழி விடும் பழுப்புச் சளி பிடித்துக்கொள்ளும். அதை விரட்டுவது நூல்பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு சிரமம். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். பாசி கண்ணில் பட்ட பிறகு 10, 15 நத்தைகள் போதும். உணவில்லாத தொட்டியில் நூறு துறவி நண்டை விட்டால் பட்டினியில் செத்து அவையே கழிவாகும்.

மீன் பட்டியல்

நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், இடைவிடாமல் நீந்தும் மீன். 180 செ.மீ. தொட்டிக்குக் கீழே அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். “சின்னதாக வாங்கி, பெரிதானதும் கொடுத்துவிடலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதான பிறகு பவளம் நிறைந்த பாறைக்குள் அதை யார் பிடிப்பது?

மாண்டரின் அழகுதான். ஆனால் அது பகல் முழுக்கப் பாறையில் கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் அவை இரண்டே வாரத்தில் தீர்ந்துபோய், மீன் மெலிந்து சாகும். ஓராண்டு கழித்து, தயார்த் தீவனம் உண்ணப் பழகிய, வளர்ப்பில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் அப்போது பார்க்கலாம். காப்பர்பேண்டுக்குத் தீவனம் பழக்குவதே பெரும்பாடு. பழகினாலும் குழாய்ப்புழுக்களையும் சில சமயம் பவளச் சதையையும் கொத்தும். ஃபிளேம் ஏஞ்சல் ஒரு சூதாட்டம். சில ஒன்றுமே செய்யாது, சில ஒரு வருடம் சாதுவாக இருந்துவிட்டு ஒருநாள் டார்ச்சைத் தின்னத் தொடங்கும். மூன்றையும் தள்ளி வையுங்கள்.

உங்கள் அளவுக்கு நான் எழுதும் பட்டியல் இது: கோமாளி மீன் ஜோடி, ஃபயர்ஃபிஷ் ஒன்று, டெயில்ஸ்பாட் பிளென்னி ஒன்று, ராயல் கிராமா ஒன்று, மஞ்சள் ராஸ் ஒன்று. ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும், அதனால் மணல் 5 செ.மீ. ஆழமாவது வேண்டும். பவளத்தோடு வரும் சில பூச்சிகளையும் அது தின்னும். டாங் இல்லாமல் மனம் ஆறாது என்றால் ஓராண்டுக்குப் பிறகு 15 செ.மீ. அளவோடு நிற்கும் டோமினி டாங் ஒன்றை யோசிக்கலாம். 120 செ.மீ. அதற்கும் குறைந்தபட்சமே. சாதுவானவை முதலில், எல்லை பிடிப்பவை கடைசியில். இரண்டு வரவுக்கிடையே இரண்டு மூன்று வாரம். ஃபயர்ஃபிஷ், ராஸ் இரண்டும் குதிக்கும். 6 மி.மீ. கண்ணி உள்ள வலைமூடி, மீன் வருவதற்கு முன்பே.

பவளப் பட்டியல்

உங்கள் பட்டியலில் இரண்டு தொட்டிகள் ஒளிந்திருக்கின்றன. லெதர், சோயாந்திட் போன்ற மென்பவளங்களும் டார்ச், ஹாமர் போன்ற பெரிய பாலிப் கொண்ட கல்பவளங்களும் மிதமான ஒளி, மிதமான ஓட்டம், கொஞ்சம் சத்துள்ள நீர் இருந்தால் வாழும். பார் அளவு (பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 80 முதல் 150 போதும். அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வேண்டும், வலுவான கலங்கல் ஓட்டம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நிலையான காரத்தன்மை வேண்டும். திங்களன்று 9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), வியாழனன்று 7 என்று ஆடினால் அடியிலிருந்து சதை உரிந்துவரும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க முடியும், பலர் வைக்கிறார்கள். அக்ரோபோரா பாறை உச்சியில், மற்றவை கீழே. ஆனால் முதல் ஆண்டிலேயே செய்தால் இரண்டுக்கும் பொருந்தாத நடுவாந்தர நிலையில் தொட்டி மாட்டிக்கொள்ளும். விளக்கை மட்டும் அக்ரோபோராவுக்குப் போதுமானதாக இப்போதே வாங்கி, பாதிப் பிரகாசத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதமாக ஏற்றுங்கள். அக்ரோபோராவை 9, 10 மாதம் கழித்து, ஒரே ஒரு சிறு துண்டாக வைத்துப் பாருங்கள்.

நீரோட்டத்துக்கு, சம்ப் பம்பின் வேகம் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 3 முதல் 5 மடங்கு போதும். மீதியை வேவ் மேக்கர் என்னும், தொட்டிக்குள் நீரைக் கலக்கும் பம்புகள் பார்த்துக்கொள்ளும்: இரண்டும் சேர்ந்து மணிக்கு 9,000 லிட்டர், எதிரெதிர்ப் பக்கங்களில், மாறி மாறி. டார்ச்சின் கைகள் மெல்ல ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் ஓட்டம் அதன் மேல் நேராக அடிக்கிறது என்று பொருள்.

பவளங்கள் அசையாமல் இருப்பதால் சண்டை போடாது என்று நினைக்க வேண்டாம். டார்ச் இரவில் நீளமான கொட்டும் கைகளை நீட்டும். சுற்றிலும் 15 முதல் 20 செ.மீ. வெறும் பாறை விடுங்கள். ஹாமர்கள் தமக்குள் ஒட்டி உறவாடும். டார்ச்சை அவற்றோடு சேர்க்காதீர்கள். லெதர் தொடாமலே சண்டை போடும். அது நீரில் விடும் இரசாயனங்கள் கல்பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். உங்கள் கேனிஸ்டரில் கார்பன் போடச் சொன்னது இதற்காகத்தான். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச், கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,250 முதல் 1,350. தொடக்கத்தில் வார நீர்மாற்றமே இவற்றை நிலைநிறுத்தும். பவளம் வளர வளர, ஒரே நேரத்தில் இரண்டு நாள் அடுத்தடுத்துக் காரத்தன்மையை அளந்து பாருங்கள். நாளுக்கு அரை டிகேஹெச் இறங்குகிறதென்றால் இருபகுதிக் கரைசல் (ஒன்று கால்சியத்துக்கு, மற்றது காரத்தன்மைக்கு) ஊற்றும் காலம் வந்துவிட்டது. எலும்புக்கூடு கட்டும்போது 1 டிகேஹெச்சுக்கு ஏறக்குறைய 7 பிபிஎம் கால்சியம் செலவாகும். கால்சியம் மட்டும் தனியாகச் சரிகிறதென்றால் முதலில் சோதனைக் கிட்டைச் சந்தேகியுங்கள். இறங்கிய காரத்தன்மையை ஏற்றும்போது ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் போக வேண்டாம்.

கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பது தவறான எண்ணம். வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன்கள் அதைப் பார்த்ததே இருக்காது. சாமந்தியோ இடம் பிடிக்கும் வரை தொட்டி முழுக்க நடக்கும், போகும் வழியில் பவளங்களைக் கொட்டும், வேவ் மேக்கரில் சிக்கினால் அரைபட்டுத் தொட்டியையே நாசமாக்கும். ஓராண்டு போகட்டும்.

தொட்டிக்குள் மருந்து கிடையாது

மீனும் பவளமும் ஒரே நீரில் வாழ்வதன் மிகக் கடினமான பகுதி இதுதான். கடல் மீன்களின் வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியானுக்கும், அதைவிட வேகமாக, சில நாட்களிலேயே கொல்லும் வெல்வெட் நோய்க்கும் செம்புதான் நம்பகமான மருந்து. செம்பு பவளம், நத்தை, இறால் எல்லாவற்றையும் கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பவளத் தொட்டிக்குள் நோய் புகுந்துவிட்டால், எல்லா மீனையும் பிடித்து வெளியே சிகிச்சை செய்து, தொட்டியை மீனில்லாமல் 76 நாள் வரை விட வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க 50 லிட்டரில் ஒரு வெறும் தொட்டி போதும்: முன்கூட்டியே பாக்டீரியா பிடித்த பஞ்சு ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், அமோனியா காட்டி. மணலும் பாறையும் வேண்டாம். ஒவ்வொரு மீனும் அங்கே நான்கிலிருந்து ஆறு வாரம். கடைக்காரர் “நான் பதினைந்து நாள் வைத்திருந்தேன்” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அங்கே வாராவாரம் புது மீன் வந்து சேரும் நீர் அது. செம்பு போட நேர்ந்தால் மருந்தின் சீட்டில் உள்ள அளவைக் கிட்டால் அளந்து காக்க வேண்டும். கண்மதிப்பில் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லாவிட்டால் ஒட்டுண்ணி பிழைக்கும். வலை, வாளி, குழாய் இரு தொட்டிக்கும் தனித்தனி.

ஒட்டுண்ணியின் கூடுகள் நத்தை ஓட்டிலும் பவளத்தின் அடிக்கட்டையிலும் ஒட்டிவரும். கண்டிப்பாக இருப்பவர்கள் அவற்றையும் மீனில்லாத தொட்டியில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். அது முடியாதென்றால் பவளத்தை முக்குநீரில் (பூச்சி நீக்கும் கரைசல்) முக்கி, கடைக் கட்டையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். ஆபத்து குறையும், தீராது. பவளத்தோடு வரும் பூச்சிகளின் முட்டைகள் முக்குநீரில் சாவதில்லை.

உங்கள் மனைவி கேட்டது

சரியான கேள்வி. கல்பவளங்கள் எல்லாமும் பெருஞ்சிப்பிகளும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. நாடு கடந்து விற்க ஏற்றுமதி அனுமதி வேண்டும். பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமை: பவளத்தை எடுப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றமாகலாம். கரையில் ஒதுங்கிய செத்த பவளமும் அதில் அடங்கலாம். எனவே கண்ணாடி வாங்குவதற்கு முன், உங்கள் நாட்டு வனத்துறை அல்லது மீன்வளத் துறையிடம் எந்த இனங்களை வைத்திருக்கலாம், என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். பில்லும் அனுமதி எண்ணும் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அனுமதி கிடைக்காத இடமென்றால் மீனும் உலர்பாறையும் மட்டும் கொண்ட தொட்டி வைப்பதே வழி.

நியாயம் என்று பார்த்தால், பண்ணையில் வெட்டி வளர்த்த பவளத் துண்டும் வளர்ப்பில் பிறந்த மீனும் எப்போதும் முதல் தேர்வு. கோமாளி மீன் எளிதில் அப்படிக் கிடைக்கும். நீல டாங்கை வளர்ப்பில் பெருக்குவது 2016-இல்தான் முதன்முறையாகக் கைகூடியது; கடையில் பார்ப்பவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. யாராவது பங்காய் கார்டினலைச் சிபாரிசு செய்தால் வளர்ப்பா, கடலா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தோனேசியாவில் சில தீவுகளை ஒட்டி மட்டுமே வாழும் அந்த இனம் அழியும் நிலையில் இருக்கிறது. வளர்த்தது வேண்டாமென்றாகிவிட்டால் எதையும் கடலில் விடக் கூடாது. இந்தோ–பசிபிக் லயன்ஃபிஷ் இன்று மேற்கு அட்லாண்டிக் முழுக்கப் பெருகிக் கிடப்பதற்கு, தொட்டிகளிலிருந்து விட்ட மீன்களே காரணமாகக் கருதப்படுகின்றன.

பிறந்தநாளுக்கு என்ன இருக்கும்

ஆறு வாரத்தில் பெரிய தொட்டி நிறையாது. ஆனால் அன்று காட்ட ஒன்றுமில்லை என்றும் ஆகாது. சட்ட விவரம் கேட்டு முடித்ததும் இந்த வாரமே 50 லிட்டர் தனித்தொட்டியைத் தொடங்கி, பாக்டீரியாவும் அமோனியாவும் விட்டு, இரண்டு மூன்று வாரத்தில் சோதனை தேறியதும் வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டை அங்கே விடுங்கள். பிறந்தநாளன்று மகள் அவற்றுக்குத் தீவனம் போடலாம், கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் பெரிய தொட்டி நீரும் பாறையுமாகப் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம் மாதம் மீன்கள் இடம்பெயரும், மூன்றாம் மாதம் லெதர், ஐந்தாம் மாதம் ஹாமர், பிறகு டார்ச்.

அவளுக்கு ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும்; இரண்டில் எது பெரிதாகி மற்றதை அடக்குகிறதோ அது பெண்ணாக மாறும். பெயர் வைப்பதைச் சில மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.